கூரையைப் பார்த்த ஜப்பான்காரன்

ஆறாம் வகுப்போடு நின்ற நான் எழுத வந்ததைப் படித்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அந்த ஜப்பான்காரன் பெயர் எனக்குத் தெரியாது. மலாயா ஜப்பான்காரன் கையில் இருந்தபோது, சயாம் ரயில் பாதை போடும் வேலைக்கு எங்கள் ரப்பர் தோட்டத்து ஆண்களைச் சுங்கைப்பட்டாணி ஸ்டேஷனில் சரக்குப் பெட்டிகளில் ஏற்றியவன் அவன். குள்ளமான ஆள், அழுக்குப் படாத வெள்ளைக் கையுறை. எங்கள் ரயில் கரியில் ஓடுவது. மேலே ஒன்றும் கிடையாது. இருந்தும் ஒவ்வொரு பெட்டியின் கூரையையும் அண்ணாந்து பார்ப்பான்.

“என்னாண்ணே, மேல கொக்கா உக்காந்திருக்கு?” என்றார், காய்ச்சலில் நடுங்கிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர்.

எங்கள் கங்காணி அவனிடம் மலாய் மொழியில் கேட்டுச் சொன்னார். “அவன் ஊர்ல மின்சார ரயில் ஓட்டுனானாம்லா. கூரையில ரெண்டு கம்பு, மேல ரெண்டு கம்பி. கம்பு நழுவுனா ரயில் நின்னுடுமாம். இவன்தான் எறங்கி, கயித்த இழுத்து மாட்டுவானாம்.”

வழியனுப்ப வந்திருந்த நான் கூச்சத்தை விட்டுக் கங்காணியிடம் கெஞ்சினேன். “இவருக்குக் காய்ச்சல், இவரு வேணாம்னு சொல்லுங்கண்ணே.”

அவன் சிரித்தபடி பதில் சொன்னான். கங்காணி என் முகத்தைப் பார்க்கவில்லை. “கொட்டுற மழையிலகூட ஒரு ஆள் கொறையாம கொண்டுபோய்ச் சேத்தவனாம்.”

அதைப் பெருமையாகத்தான் சொன்னானா? இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. அந்தச் சிரிப்பை மட்டும் மன்னிக்க முடியவில்லை.

மறுநாள் காலை ரயில் சரியான நேரத்துக்குப் புறப்பட்டது. என் வீட்டுக்காரரும் அதில் போனார்.