உத்தரியத்துக்குக் கீழே

மருத்துவரின் அறையில் நான், மகள், மருத்துவர், ஒரு தாதி இருந்தோம். மகளின் கைகளில் சிவந்த கொப்புளங்கள். மருத்துவர் அவளின் கை மணிக்கூட்டைக் கழற்றச் சொன்னார். வாருக்குக் கீழே தோல் சுத்தமாக இருந்தது.

"வெயில் ஒவ்வாமை. முழுக்கைச் சட்டை போடுங்கோ. உச்சி வெயிலில திரியாதேங்கோ."

எனக்கு நான் வளர்ந்த கடற்கரை ஊர் பேசாலை ஞாபகம் வந்தது. எட்டு வயதில் மேற்சட்டை இல்லாமல் கருவாடு காயப்போடுவேன். உடம்பெல்லாம் இப்படித்தான் கொப்புளித்தது. மீன் ஒத்துக்கொள்ளாமல் வந்த கிரந்தி என்று அம்மா எனக்கு மீனை நிறுத்தினார். வீடு முழுக்கப் பொரியல் மணக்க, ஒரு மாதம் பருப்பும் சோறும் தின்றேன். கொப்புளம் போகவில்லை.

ஒருநாள் குளிக்க வார்க்கும்போது அம்மா என் கழுத்தில் கிடந்த மாதாவின் உத்தரியத்தைத் தூக்கினார். நெஞ்சில் ஒன்றும் முதுகில் ஒன்றுமாகக் கயிற்றில் கோத்த இரண்டு துணித் துண்டுகள் அது. நெஞ்சில் அந்தச் சின்னத் துணி கிடந்த இடத்தில் மட்டும் ஒன்றும் இல்லை.

"இஞ்சேருங்கோ, மாதா காப்பாத்தியிருக்கிறா."

அப்பா வந்து பார்த்தார். முதுகுப் பக்கத் துணியையும் தூக்கிப் பார்த்தார். அங்கும் இல்லை.

"காத்தவதான். துணியால வெயிலை மறைச்சுக் காப்பாத்தியிருக்கிறா. இனி நீளக்கைச் சட்டையாப் போட்டுவிடு. மீனையும் குடு."

வெளியே வந்து மகளுக்கு இதைச் சொன்னேன். சிரித்தாள்.

"அண்டைக்கு எத்தனை மீன் திண்டனீங்கள், அப்பா?"

பொரித்த சூடை மீன். ஏழு.