செவலை நடந்த வரப்பு

எங்கள் செவலை நாய்க்குக் கண் தெரியாது என்பதே சின்னமனூர் மாட்டாஸ்பத்திரியில்தான் எனக்குத் தெரிந்தது. கோம்பையிலிருந்து குட்டியாக வந்து, எங்கள் தோட்டத்தைக் காத்தே முகம் நரைத்த நாய். தீனி குறைந்ததால், பல்லில் ஏதோ கோளாறு என்று நினைத்து, வண்டியில் ஏற்றிக் கொண்டுபோனேன்.

காளையோடு நின்ற ஒருவர், "ஏத்தா, நாய்க்குமா வைத்தியம்? எங்க வீட்டுல இருமிக்கிட்டுக் கெடக்குற கெழவன இங்கனதான் கூட்டியாரணும் போல" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நான் தலையை நிமிர்த்தவே இல்லை.

டாக்டர் அதன் முகத்துக்கு முன்னால் கையை ஆட்டினார். அது இமைக்கவில்லை.

"ரெண்டு கண்ணும் போச்சும்மா."

"தெனமும் தோட்டத்தச் சுத்தி வருதுங்களே?"

"கால் பழக்கம். சோத்தைக் குழைச்சுக் குடுங்க. நடக்கிற வழியில எதையும் மாத்தாதீங்க. ஒரு தடவை மிரண்டா அப்புறம் நடக்காது. நடக்காம படுத்துட்டா ரொம்ப நாள் தாங்காது."

அப்போதுதான் வாழையை அழித்து, கல்தூண் ஊன்றித் திராட்சைப் பந்தல் போட ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. டாக்டர் சொன்னதை வீட்டில் தயங்கித் தயங்கிச் சொன்னேன். கொழுந்தன் சிரித்தார்: "கல்லுக்குக் கல்லு மணி கட்டிருவமா மதினி?"

என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. கல் ஊன்ற வந்தவர்களிடம், "வரப்பு மேல ஒரு கல்லும் ஊனாதீக. நாய் நடக்குற எடம்" என்று சொல்லிவிட்டார். அவர்களும் அப்படியே விட்டார்கள். எனக்கு மனசு ஆறியது.

ஆனால் பந்தல் சாயாமல் நிற்க, ஓரக்கல்லிலிருந்து வெளியே கம்பி இழுத்துக் கட்ட வேண்டும். அந்தக் கம்பிகள் வரப்பின் குறுக்கே சரிவாக இறங்கின. அதை யாரும் யோசிக்கவில்லை.

அன்று சாயங்காலம் செவலை வழக்கம்போல் வரப்பில் நடந்து போனது. முதல் கம்பி கழுத்தில் இடித்தது. கத்தவில்லை. ஒரு முன்காலைத் தூக்கியபடி கொஞ்ச நேரம் நின்றது. பிறகு வந்த வழியே, மண்ணை மோந்து மோந்து திரும்பியது.

"கல்லத்தான் நெனச்சேன். கம்பி தோணலையே" என்றார் அவர். மறுநாள் கம்பிகளில் சாக்குத் துண்டு சுற்றினார். கழுத்துக் கயிற்றைப் பிடித்து நான் கூட்டிப் போய்ப் பார்த்தேன். வரப்பு தொடங்கும் இடத்திலேயே உட்கார்ந்துகொண்டது.

அதன் பிறகு தொழுவத்தோரம்தான் படுக்கை. வெயில் தாழ்ந்தால் எழுந்து நிற்கும். தோட்டத்துப் பக்கம் மூக்கை நீட்டும். மறுபடி படுத்துவிடும். குழைத்த சோறும் வட்டிலில் காய்ந்தது.

கொடி பந்தல் ஏறுவதற்குள் செவலை போய்விட்டது. சாக்கில் கிடத்தி, வரப்பு வழியாகத்தான் தூக்கிப் போனோம். முன்னால் போன அவர் ஒவ்வொரு கம்பிக்கும் குனிந்தார். பின்னால் நானும் குனிந்தேன்.