அண்ணி கொடுத்த செங்கொடிவேலி

என் வலது உள்ளங்கையில், கட்டைவிரலுக்குக் கீழே, புளியங்கொட்டை அளவில் ஒரு கருந்தழும்பு இருக்கிறது. அடுப்பில் சுட்டுக்கொண்டாயா என்று கேட்பார்கள். அது ஒரு செடி போட்ட சூடு. செடிக்குச் சொந்தக்காரர் என் கணவரின் அக்கா. நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன்.

வேதாரண்யத்துக்கு மருமகளாக வந்த முதல் வருடம். கல்லறைத் திருநாளுக்கு இரண்டு நாள் இருந்தது. நான் வருவதற்கு முன்பே இறந்துபோன மாமியாரின் கல்லறையைச் சுத்தம் செய்ய, யாரையும் கேட்காமல் மண்வெட்டியோடு கிளம்பினேன். புது மருமகள் சுறுசுறுப்பைக் காட்ட வேண்டாமா? தலைமாட்டில் இடுப்பளவு வளர்ந்து, இன்னும் பூ விடாமல் நின்ற புதரைக் களை என்று நினைத்து வெட்டினேன். விரல் தடிமன் வேர்களைக் கையாலேயே பிய்த்து எறிந்தேன். சுண்ணாம்பும் அடித்துவிட்டுப் பெருமையாக வீடு திரும்பினேன். சாயங்காலம் உள்ளங்கை கொப்புளித்துவிட்டது.

அண்ணி மருத்துவமனையில் நர்ஸாக இருந்தவர். கொப்புளத்தைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. கையைக் கழுவி, மருந்து போட்டுக் கட்டிய பிறகுதான் கேட்டார். "அம்மா தலைமாட்டுச் செடியப் பிடுங்கிட்டியாம்மா?"

அது செங்கொடிவேலி. வேர்ச்சாறு பட்டால் தோல் வெந்துவிடும். மார்கழியில் நீளக் காம்பில் வரிசையாகச் சிவப்புப் பூ விடும். அழகுக்காகத் தோட்டத்தில் வைப்பார்கள். வேர் மருந்துக்கு ஆகும் என்பதால், வேலியோரத்திலும் காட்டோரத்திலும் நின்றதையெல்லாம் தோண்டித் தீர்த்துவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் மிஞ்சியது மாமியார் வளர்த்த அந்த ஒன்றுதான். நாட்டு வைத்தியர் ஒருவர் வேர் கேட்டு வீட்டுக்கு நடையாய் நடக்கவே, அண்ணி அதைக் கல்லறைக்கு மாற்றியிருந்தார். அங்கே கடப்பாரையோடு யார் வரப்போகிறார்கள் என்ற தைரியம். சொந்த வீட்டிலிருந்தே ஒருத்தி மண்வெட்டியோடு போவாள் என்று அவர் எப்படி நினைப்பார்?

நான் அழுதேன். "அழாத. ஒரே எடத்துல வச்சது என் தப்பு" என்றார். அந்த மனசு எனக்கு இன்றுவரை வரவில்லை.

மறுநாள் காலையில் கல்லறைத் தோட்டத்துக் குப்பையில் கிடந்த தண்டுகளைப் பொறுக்கி வந்தார். சாண் நீளத்துக்கு நறுக்கி, இரண்டை எங்கள் கொல்லையில் ஊன்றிவிட்டு, மீதியைத் தெருத்தெருவாகக் கொடுத்தார். அந்த வைத்தியர் வீட்டுக்கும் போனார். "குச்சி தர்றேங்க. வேர மட்டும் கேக்காதீங்க." அவர் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார். தோண்டுகிறவரிடமே கொடுக்கிறாரே என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

போன வருடம் அண்ணி காலமானார். அவர் தலைமாட்டில் அந்தச் செடியை வைக்க ஆசைப்பட்டேன். எங்கள் கொல்லையில் இருந்தவை முன்பே புயலோடு போய்விட்டன. மார்கழியில், அண்ணி குச்சி கொடுத்த வீடுகளுக்கெல்லாம் ஏறி இறங்கினேன். சில இடங்களில் புயல், சில இடங்களில் சிமென்ட் தளம். கடைசியாக, மனமில்லாமல், வைத்தியர் வீட்டுக்குப் போனேன். அவரும் இப்போது இல்லை. நான் யார் என்று தெரியாமலே அவர் மகன் கிணற்றடிக்கு அழைத்துப் போனார். நெஞ்சளவு உயரத்தில், செக்கச்செவேலென்று பூத்து நின்றது.

"குச்சி எத்தனை வேணும்னாலும் வெட்டிக்குங்க. வேர மட்டும் கேக்காதீங்க. அப்பா சொல்லிட்டுப் போனது."

நான்கு குச்சிகள் வெட்டிக்கொண்டேன். பூக்காம்பின் பசை உள்ளங்கையில், தழும்பின் மேலேயே ஒட்டியது. ஒரு குச்சியை அண்ணியின் தலைமாட்டில் ஊன்றினேன். மற்ற மூன்றையும் வேறு வேறு தெருக்களில் கொடுத்தேன்.