துண்டுக்குள் பங்கிட்ட நதி

மாயாஜாலப் பெருநாவல்களை ஓய்வுபெற்ற பிறகுதான் படிக்கத் தொடங்கினேன். பெரும்பாலானவை படித்து முடித்ததும் ஒன்றோடொன்று கலந்துவிடும்: பறக்கும் நாகம், தொலைந்த வாள், தான் அரசகுலம் என்றே அறியாத இளைஞன். ஒரு நாவலை மற்றவற்றிலிருந்து பிரித்துக் காட்டுவது எது என்று இப்போது எனக்கு உறுதியாகத் தெரியும். தெரிந்துகொண்ட விதம்தான் வெட்கக்கேடானது.

கொழிஞ்சாம்பாறையில் எங்கள் வீட்டிலேயே அப்படியொரு நாவல் எழுதப்பட்டது. எழுதியவள் என் மனைவி. வங்கி அதிகாரியாக இருந்தவள். வேலந்தாவளத்து மாட்டு வியாபாரியின் மகள். அவள் கதையில் ஒரு நதிக்காக இரண்டு அரசர்கள் தலைமுறைகளாகப் போரிடுகிறார்கள். கடைசியில் போர்க்களத்தின் நடுவே கைகளின்மேல் ஒரு துண்டைப் போட்டு, ஒருவர் விரலை ஒருவர் பிடித்தே நதியைப் பங்கிடுகிறார்கள். எங்கள் பக்கத்துச் சந்தையில் மாட்டுக்கு விலை பேசுவது அப்படித்தான். பிடிக்கும் விரல்களின் கணக்குதான் தொகை; சுற்றி நிற்பவர்களுக்கு அது தெரியாது. அவள் கதையில் இரண்டு படைகளும் அந்தத் துண்டின் அசைவையே பார்த்து நிற்கின்றன.

நான் கல்லூரியில் காவியம் நடத்தியவன். திருத்தித் தருகிறேன் என்று வாங்கி, அந்த இடத்தை அடித்துவிட்டேன்.

“ஏனுங்க, இதை எதுக்கு எடுத்தீங்க?”

“ராஜாக்கள் மாட்டுத் தரகு பண்ற மாதிரி இருக்கும்மா. ஒரு கம்பீரம் வேண்டாமா?”

“எங்கப்பா துண்டுக்குள்ள கைய விட்டா அத்தன பேரும் வாயப் பொத்திக்கிட்டு நிப்பாங்க. உங்க கிளாஸ்ல யாராச்சும் அப்படி நின்னாங்களா?”

சிரித்துக்கொண்டே சொன்னாள், பிறகு எனக்காக விட்டுக்கொடுத்தாள். அங்கே நான் நீண்டதொரு வீர உரையையும் ஒரு மின்னலையும் வைத்தேன்.

நாவலை அனுப்பியிருந்த பதிப்பாளர் போனில் கூப்பிட்டார். அவள் ஸ்பீக்கரில் போட்டாள். நடை நன்று, ஆனால் எல்லாம் முன்பே படித்ததுபோல இருக்கிறது, குறிப்பாக அந்த மின்னல் என்றார்.

“எழுதுனது நானுங்க சார், எனக்குத்தான் சரியா வரல” என்றாள் அவள்.

நான் பக்கத்திலேயே இருந்தேன். வாயைத் திறக்கவில்லை. அவள் காட்சியை நான் வெட்டியதைவிட அந்த மௌனம்தான் இன்றும் என்னை அறுக்கிறது.

நாகங்கள் எந்த வானத்திலும் பறக்கும். ஒரு உலகத்து மனிதர்கள் எப்படிப் பேரம் பேசுகிறார்கள், எதை ஊரறிய மறைக்கிறார்கள் என்பதை, அதைக் கண்ணால் கண்டு வளர்ந்தவர்தான் எழுத முடியும். நாவல் தனித்து நிற்பது அதில்தான். இதை நான் யாரிடமும் வாதிடத் தயார்.

மறுநாள் பதிப்பாளரை அழைத்து, மின்னல் என்னுடையது என்று சொன்னேன். வருத்தப்பட்டார்; அந்த வருடத்துக்கு வேறு நாவலை எடுத்துவிட்டதாகச் சொன்னார். அவள் துண்டுக் காட்சியைத் திரும்பச் சேர்த்து வேறொருவருக்கு அனுப்பியிருக்கிறாள். பதில் இன்னும் வரவில்லை. இரண்டாம் பாகத்தையும் தொடங்கிவிட்டாள். என்னிடம் காட்டவில்லை. நானும் கேட்கவில்லை.