ஏழுக்கு இடம் விட்டு எண்ணினோம்

கேரள ராஜ்யம் உண்டான மறு கோடை. மே மாதம், ஒரு வியாழக்கிழமை, காலை பத்தரை மணி. சூரியநெல்லிக்கு மேலே பனி மூடிய ஒரு மலையில் யேசுதாசன் என்ற வாலிபனை நான் தொலைத்தேன். அவன் தானாகத் தொலையவில்லை. நான்தான் அனுப்பினேன். தேவ பிள்ளைகளே, இதை மறைத்துவிட்டு மற்றதைச் சொன்னால் என் சாட்சி பொய்.

நான் பாலக்காட்டை அடுத்த சித்தூர்ப் பக்கத்துக்காரன். அப்போது பாலக்காட்டில் பி.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். பிறரை அற்பமாகப் பார்ப்பதற்கு எவ்வளவு படிப்பு வேண்டுமோ அவ்வளவு படித்திருந்தேன். தேயிலைத் தோட்டத்து வாலிபர்களுக்குச் சபைகள் சேர்ந்து நடத்திய கோடைத் தலைமைப் பயிற்சி முகாமில் என்னை ஆலோசகனாகப் போட்டார்கள். கல்லூரி மாணவன், அதனால் ஆலோசகன். வேறு தகுதி எதையும் ஒருவரும் கேட்கவில்லை. சட்டையில் பச்சை ரிப்பன், கழுத்தில் விசில், என் பொறுப்பில் பன்னிரண்டு பேர்.

முகாம் காரியதரிசி மூன்று வேளையும் "நாளைய தலைவர்களே!" என்று கூப்பிடுவார். அவர்களில் ஒருவன் பேர்கூட அவருக்குத் தெரியாது. அவரை நான் உள்ளூர இகழ்ந்தேன், அவரைப்போலவே நடந்தேன். முதல்நாள் கரும்பலகையில் பெரிதாக எழுதினேன்: தலைவன் உட்காரமாட்டான். காரியதரிசி கைதட்டினார். பன்னிரண்டு பேரும் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். இன்று நினைத்தால் அந்தச் சாக்கட்டியை விழுங்கிவிடலாம் போலிருக்கிறது.

அந்த வியாழக்கிழமை அவர்களை மலையேற அழைத்துப் போனேன். முகாமில் சமைத்த ஞானப்பூ அக்கா சோற்றுப் பாத்திரத்தைச் சுமந்து பின்னால் வந்தார். மற்ற நாட்களில் அவர் கொழுந்து பறிக்கிறவர். பாதி ஏறியிருப்போம், பனி இறங்கியது. நீட்டிய கை தெரியவில்லை.

"சார், மஞ்சு எறங்கிட்டு. அவுக அவுக நிக்க எடத்துலயே உக்காரச் சொல்லும்" என்றார் அக்கா.

"ஏனுங்க அக்கா, உக்கார்றதுக்குங்களா இத்தன தூரம் வந்தோம்?"

"ஏனுங்கோ!" என்று எவனோ இழுத்தான். எல்லாரும் சிரித்தார்கள். என் கொங்குப் பேச்சை அவர்கள் கேலி செய்வது தினமும் நடப்பதுதான். அன்று எனக்குச் சுருக்கென்றது. "தைரியம் இருக்கறவன் எவன்? முன்னாடி போய் வழி பாத்துட்டு வா" என்று கத்தினேன்.

"நான் போறேன் சார். தலைவன் உக்காரமாட்டான்" என்றான் யேசுதாசன். என் பாடத்தை நம்பியவன் அவன் ஒருவனே. பத்தடி போனான். அப்புறம் காணோம்.

விசில் ஊதினேன். கால்மணி நேரம் ஊதினேன். பதில் இல்லை. "சார், அந்தப் பக்கம் செங்குத்துப் பாறை" என்று ஒருவன் மெதுவாகச் சொன்னான்.

ஊதலுக்கு இடையிடையே ஜெபித்தேன். "ஆண்டவரே, பனியை விலக்கும், வழியைத் திறவும்." அப்போதும் உத்தரவு போடுகிற புத்தி! கமிட்டித் தீர்மானம் மாதிரி ஒரு ஜெபம். பிறகு அழுகை வந்தது. "என்னால் ஆகாது. அவனைக் கொடும்." அவ்வளவுதான்.

பனி விலகவில்லை. வானத்திலிருந்து வெளிச்சம் வந்தது என்று கேட்க ஆசைப்படுகிறவர்கள் வேறு சாட்சிக்குப் போகலாம். எனக்கு வந்தது அக்காவிடமிருந்து திட்டு.

"அந்தப் பீப்பிய நிறுத்தும்! அது எந்தப் பக்கம் கேக்குதுன்னு எவனுக்குத் தெரியும்? உக்காரும் மொதல்ல!"

உட்கார்ந்தேன்.

தேயிலைச் செடி வரிசையைத் தோட்டத்தில் நிரை என்பார்கள். பனி இறங்கினால் பறிக்கிறவர்கள் அவரவர் நிரையில் உட்கார்ந்து, நிரை எண்ணை வரிசையாகச் சத்தமிட்டுச் சொல்வார்களாம். தனியே மாட்டிக்கொண்டவருக்குத் தன் இடம் எங்கே என்று அதில் விளங்கிவிடும். எங்கள் முகாமிலும் ஆளுக்கொரு எண் உண்டு. யேசுதாசன் ஏழு.

"ஏழுக்கு எடம் விட்டுச் சொல்லுங்கலே. சாருக்கு நம்பர் கெடையாதா?"

"நான் ஆலோசகருங்க அக்கா."

"ஆலோசகர் கெடக்கட்டும். பதிமூணு சொல்லும்."

எண்ணினோம். ஐந்து. ஆறு. ஒன்றுமில்லை. எட்டு. கடைசியில் நான், பதிமூன்று. மறுபடி ஒன்றிலிருந்து. எத்தனை முறை என்று தெரியாது. அந்த ஒன்றுமில்லாத இடம் வரும்போதெல்லாம் பனிக்குள் காது கொடுத்தேன். ஒருமுறை "ஆறு" என்ற குரல் அடங்கியதும், கீழேயிருந்து மெல்லியதாக வந்தது:

"ஏழு."

"ஏல, எந்திரிக்காத! உக்காந்தவாக்குல சத்தம் வார பக்கம் நவுந்து வா!" என்றார் அக்கா. நாங்கள் எண்ணிக்கொண்டே இருந்தோம். முழங்கால் கிழிந்த கால்சட்டையோடு அவன் தவழ்ந்து வந்தான். நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

"விசில் எதிர்ப்பக்கம் கேட்டுச்சு சார். அந்தப் பக்கம் ஒரு கால வெச்சேன். தரை இல்ல. ஒரு செடியப் பிடிச்சுக் கெடந்தேன். அப்புறம் ஆறும் எட்டும் கேட்டுச்சு."

கேட்டீர்களா? பாறை விளிம்புக்கு அவனைக் கூப்பிட்டது என் விசில்தான்.

ஞாயிறன்று நிறைவுக் கூட்டத்தில் காரியதரிசி என் "நிதானமான தலைமையை" மெச்சினார். நான் எழுந்து நடந்ததைச் சொன்னேன். "ஆகா, என்ன தாழ்மை!" என்று அதற்கும் கைதட்டினார். அவரைத் திருத்த ஆண்டவருக்கே நாள் பிடிக்கும். விசிலைத் திருப்பிக் கொடுத்தேன். பச்சை ரிப்பனை ஞானப்பூ அக்காவிடம் நீட்டினேன். வாங்கி, கறிவேப்பிலைக் கொத்தைக் கட்டி ஆணியில் மாட்டினார். அது செய்த முதல் உருப்படியான வேலை.

இப்போதும் கோடையில் அந்த மலைக்குப் போகிறேன், கரும்பலகை இல்லாமல். அன்று அவனைத் திருப்பிக் கொடுத்தவருக்கு நன்றி சொல்லாமல் நான் தூங்குவதில்லை. விசில் ஊதிக்கொண்டே ஜெபிக்கிற அருமையானவர்களே, நீங்களும் ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள். காணாமல்போனவனுக்கு இடம் விட்டு, உங்கள் எண்ணைச் சொல்லிக் கூப்பிடுங்கள். அவர் கேட்பார்.

என் எண் பதிமூன்று.