பாதியில் நின்ற உறுமி

வளைந்த, வழவழப்பான ஒரு குச்சி. என் மகள் கையிலிருந்து அதை நான் பிடுங்கியபோது சூடாக இருந்தது. உறுமியின் தோலில் தேய்த்துத் தேய்த்து வந்த சூடு. வகுப்பில் கணக்குப் போட்டுக் காட்டும்போது சில சமயம் என் உள்ளங்கை இன்னும் அதை உணர்கிறது; பாதியில் நிறுத்திவிடுகிறேன்.

மலேசியாவின் கிள்ளானைச் சேர்ந்த ஓர் உறுமி மேளக் குழுவில் என் மகள் வாசிக்கிறாள். இருபது வயது. பம்பை அடிக்கும் குழுத் தலைவர் லோரி ஓட்டுபவர், முப்பதைத் தாண்டியவர், அதிகம் பேசமாட்டார். பிரிக்பீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு மேலே இருந்த ஒலிப்பதிவுக்கூடத்துக்கு அன்று பகலில் போயிருந்தோம். ஒவ்வொரு வாத்தியத்தையும் தனித்தனியாக எடுப்பதாகத்தான் ஏற்பாடு. மூன்று முறை எடுத்தும் உயிர் வரவில்லை. தலைவர் ஹெட்போனைக் கழற்றினார்.

“எல்லாரும் ஒண்ணா அடிப்போம் லா பாஸ், கோயில்ல அடிக்கிற மாதிரி.”

“கீழ சாப்பிடுறவங்க தட்டோட ஓடிருவாங்க,” என்று சிரித்தபடியே ஒலிப்பதிவாளர் எல்லா மைக்குகளையும் திறந்துவிட்டார்.

நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அவர் அருகே உட்கார்ந்திருந்தேன். நான்காவது நிமிடத்தில் அந்தச் சின்ன அறையே அதிர்ந்தது. ஜால்ரா தட்டிக்கொண்டிருந்த ஆறடி மனிதர், தலைவரின் மச்சான், கண்கள் மேலே செருக ஆடத் தொடங்கினார். சுவரில் தலையை மோதினார். மைக் நின்ற இரும்புக் கம்பியைப் பிடுங்கிச் சுழற்றினார். அது என் மகளின் காதை உரசிக்கொண்டு போனது. மற்றவர்கள் சற்று விலகினார்களே தவிர யாரும் அடிப்பதை நிறுத்தவில்லை. அருள் வந்தால் உறுமியைச் சட்டென்று நிறுத்தக்கூடாது, தாளத்தை மெல்லத் தணித்துச் சாமியை மலையேற்ற வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. கதவைத் திறந்து ஓடி மகளின் குச்சியைப் பிடுங்கினேன். “போதும், வா.”

உறுமி நின்றதும் எல்லாம் நின்றது. ஒரு மூச்சு நேரம்தான். மச்சான் அலறிக்கொண்டு திரும்பினார். கம்பி என் மகளின் தலையை நோக்கி இறங்கியது. தலைவர் பம்பையோடு பாய்ந்து வலது கையைக் குறுக்கே நீட்டினார். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. அடுத்த அடி கண்ணாடியில். அதற்கடுத்தது தலைவரின் நெற்றியில். ரத்தம் கண்ணை மறைக்க, அவர் மச்சானைச் சுவரோடு சேர்த்து உடம்பால் அழுத்திக்கொண்டார்.

“அக்கா, குச்சியக் குடுங்க. தங்கச்சி, அடிம்மா. நிறுத்தாம அடி.”

மகளை இழுத்துக்கொண்டு ஓடத்தான் கால்கள் துடித்தன. அவளோ என்னிடம் கையை நீட்டினாள். கொடுத்தேன். அழுதுகொண்டே அவள் உறுமியைத் தேய்த்தாள். உரக்க, பிறகு மெதுவாக, பிறகு முனகலாக. மச்சான் துவண்டு சரிந்தார். தண்ணீர் கேட்டார். தலைவரின் கையைப் பார்த்ததும் பதறிப்போனார்.

“யாரு மச்சான் அடிச்சது?”

“விழுந்துட்டேன்டா.”

மருத்துவமனையிலும் தலைவர் அதையேதான் சொன்னார். பதிவு முழுவதையும் அழிக்கச் சொன்னார். அவர்கள் வாசித்ததிலேயே சிறந்தது அது என்று ஒலிப்பதிவாளர் கெஞ்சியும் கேட்கவில்லை. மன்னிப்புக் கேட்ட என்னிடம், “எனக்கும் புள்ள இருக்கு அக்கா. ஆனா மச்சான் அந்தப் பதிவக் கேக்கக் கூடாது,” என்றார்.

இப்போது தலைவரின் வலது கை முழுதாக நீள்வதில்லை. பம்பையை வேறொருவர் அடிக்கிறார். ஞாயிறுதோறும் மகளைப் பயிற்சிக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டு நான் காரிலேயே காத்திருக்கிறேன். போன வாரம் மச்சான் தேநீர் கொண்டுவந்தார். கதவில் சாய்ந்தபடி, “நல்லா அடிச்சுக்கிட்டிருந்த ஆளு அக்கா. கவனமில்லாம விழுந்து கையக் கெடுத்துக்கிட்டாரு,” என்றார்.

“ஆமாம்பா,” என்றேன்.