மாவுக்கு ஒரு நாடகம்

ஒரு தாலியைக் கட்ட எவ்வளவு நேரம் ஆகும்? எங்கள் ஊரில் கெட்டிமேளம் ஓய்வதற்குள் மூன்று முடிச்சும் விழுந்து, பந்தியில் இலை போட ஆரம்பித்துவிடுவார்கள். என் மாமியார் பார்த்த மத்தியான சீரியலில் ஒருவன் தாலியைக் கையில் எடுத்தான். அது பெண்ணின் கழுத்துக்குக் கிட்டே போக மூன்று வாரம் ஆனது. அதற்குள் ஐயர் முகம், மாமனார் முகம், பந்தல்காரன் முகம் என்று ஒன்று விடாமல் மும்மூன்று தடவை காட்டினார்கள். ஒவ்வொரு தடவையும் இடி விழுந்தது மாதிரி ஒரு சத்தம் வேறு. கடைசியில் மணப்பெண் மயங்கி விழுந்தாள். மூன்று வாரம் சோறு தண்ணி இல்லாமல் நின்றால் விழாமல் என்ன செய்வாள் என்று நான் கேட்டேன். மாமியார் சிரிக்கவில்லை.

எங்கள் பக்கம் சீரியல் என்று யாரும் சொல்வதில்லை, நாடகம் என்றுதான் சொல்வார்கள். நான் நாடகம் பார்க்கமாட்டேன். பார்க்கமாட்டேன் என்பதைத் தண்டோரா போடாத குறையாகத் தெருவுக்கே சொல்லி வைத்திருந்தேன். பன்னிரண்டாவது வரை படித்தவள், புத்தகம் வாசிக்கிறவள் என்ற திமிர் எனக்கு நிறைய உண்டு. நீளமாக இருப்பதால் எனக்கு அது பிடிக்காமல் போகவில்லை. அம்மன் கோயில் திருவிழாவில் ராத்திரி பூராவும் கூத்து பார்த்திருக்கிறேன். கொசுக்கடியோடு விடிய விடிய உட்கார்ந்தாலும், கோழி கூவும்போது சாகவேண்டியவன் செத்திருப்பான். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது வாரம் ஒரு நாள் வரும் நாடகங்கள் பதின்மூன்று வாரத்தில் முடிந்துபோகும். அடுத்த வாரம் என்ன ஆகும் என்று பள்ளிக்கூடம் போகும் வழியெல்லாம் பேசுவோம். இந்த மத்தியான நாடகங்களோ என் மகள் பால்வாடிக்குப் போகும்போது தொடங்கி, அவள் மூன்றாம் வகுப்புக்குப் போன பிறகும் அதே வீட்டு ஹாலில் அதே சோபாவுக்குப் பின்னால் நின்று ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்தன. கதை நகர்ந்தால் விளம்பரத்துக்கு நஷ்டம் போலிருக்கிறது.

மாமியாரிடம் ஒரு நாள் கேட்டேன், "அத்தை, நேத்து பாக்கலன்னா என்ன தெரியாமப் போயிடும் உங்களுக்கு?"

"ஒண்ணும் தெரியாமப் போவாது. அதுக்குத்தானே பாக்கறேன்" என்றார். "நடவுக்குப் போனா பத்து நாள் பாக்க முடியாது. வந்து பாத்தா எல்லாரும் அங்கேயே நிக்கிறாங்க. நமக்காக நிக்கிற மாதிரி இருக்கும்மா."

அதைத் தெருவில் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். நாள் முழுக்கச் சேற்றில் நிற்கிறவளுக்கு வேகமாக ஓடும் கதை எதற்கு என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

எங்களுக்கு இருந்தது நாலு மா குத்தகை நிலம். மூன்று மா ஒரு ஏக்கர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழ்வேளூருக்குக் கிழக்கே வாய்க்கால் முடிகிற இடத்தில், கடைமடை. மாமனாரின் அப்பா அந்த நிலத்தில் பண்ணையாள். மாமனார் இளவட்டத்தில் சங்கத்துக் கொடியைப் பிடித்துக்கொண்டு போய், போலீஸிடம் அடி வாங்கி, அதே நிலத்தின் குத்தகைதாரர் என்று தாலுகா ஆபீஸில் தன் பெயரைப் பதிந்துகொண்டவர். பிள்ளைகளின் பிறந்த நாள் தெரியாத மனிதருக்கு அந்தப் பதிவு எண் மனப்பாடம்.

நிலத்துக்காரர் தஞ்சாவூரில் இருந்தார். வரப்பில் கால் வைத்து அறியாத அந்தப் புண்ணியவான், குத்தகைதாரர் சாகுபடி செய்வதில்லை, நிலம் தரிசாகக் கிடக்கிறது, ஆகவே திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று மனு போட்டார். இரண்டு வருஷம் தரிசாகக் கிடந்தது உண்மைதான். ஆற்றில் தண்ணீர் வராவிட்டால் கடைமடைக்காரன் வாயால் ஊதியா நெல் விளைவிப்பான்? மூன்றாவது வருஷம் தண்ணீர் வந்தது. சம்பா நட்டோம். தை மாதம் அதிகாரி நேரில் வந்து பார்ப்பார், விளைச்சல் இருந்தால் மனு தள்ளுபடி ஆகிவிடும் என்று தாலுகா ஆபீஸில் சொன்னார்கள். என் வீட்டுக்காரர் சிங்கப்பூரில் கம்பெனி வேலையில் இருந்தார். மாமனாருக்கு முழங்கால் தேய்ந்து நடை போய்விட்டது. ஆகவே வயல் என் பொறுப்பு.

அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டதால் முறை வைத்துத் தண்ணீர் விட்டார்கள். எட்டு நாளைக்கு ஒரு தடவை, மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு எங்கள் வாய்க்காலில் தண்ணீர் வரும். நாலு மணிக்குப் பொதுப்பணித்துறை லஸ்கர் வந்து ஷட்டரை இறக்கிவிடுவார். அந்த நாலு மணி நேரத்தில் எங்களுக்கு மேல் வயலை வைத்திருந்த, நான் அக்கா என்று கூப்பிடுகிற பக்கத்து வீட்டுக்காரரின் நாலு மாவும் எங்கள் நாலு மாவும் பாய வேண்டும். அக்கா முதலில், நாங்கள் பிறகு.

இதில்தான் ஊர் தன் புத்திசாலித்தனத்தைக் காட்டியது. முன்பெல்லாம் கடிகாரத்தை வைத்து முறை பிரிப்பார்கள். ஒருத்தர் கடிகாரம் பத்து நிமிஷம் முந்தும், இன்னொருத்தருடையது பிந்தும், மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு அடிதடி. பிறகு அரசாங்கம் ரேஷன் கார்டுக்கு ஒரு கலர் டி.வி. கொடுத்தது. எல்லா வீட்டிலும் ஒரே சானல், ஒரே நேரத்தில் ஒரே பாட்டு. நாடகம் ஒவ்வொன்றும் அரை மணி நேரம். மாவுக்கு ஒரு நாடகம் தண்ணீர் என்று பஞ்சாயத்தில் பேசி முடித்தார்கள். நாடகத்தின் பாட்டு ஊருக்கே கேட்கும், அதில் யாரும் ஏமாற்ற முடியாது. நாலு நாடகம் முடிந்து ஐந்தாவது பாட்டு கேட்டால் அக்கா தன் மடையை அடைக்க வேண்டும், நாங்கள் போய் எங்கள் மடையைத் திறந்துகொள்ள வேண்டும். நாடகம் பார்ப்பது பொம்பளைகளின் வேலை என்று காறித் துப்புகிற ஆம்பளைகள்கூட, "ரெண்டு நாடகத் தண்ணி பத்துமா?" என்று டீக்கடையில் முகம் கோணாமல் பேசினார்கள். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனாலும் ஒத்துக்கொண்டேன்.

எங்கள் டி.வி. மின்னல் வெட்டிப் புகைந்து பரணுக்குப் போய்விட்டது. மாமியார் மத்தியானம் கஞ்சியைக் குடித்துவிட்டு அக்கா வீட்டுக்குப் போய்விடுவார். இருவரும் பார்த்துக்கொண்டே பேசுவார்கள், பேசிக்கொண்டே பார்ப்பார்கள். வாய்க்கால் ஓரத்து வீடு என்பதால் சத்தம் எங்கள் கொல்லை வரை வரும். நான் நாடகத்தைக் கண்ணால் பார்க்காமல், பாட்டுகளை மட்டும் எண்ணி முறை பிடித்தேன். அதிலும் எனக்கு ஒரு பெருமை.

மார்கழி நடுவில் கதிர் பால் பிடிக்கிற சமயம். அந்த நேரத்துத் தண்ணீர்தான் நெல்லை நெல்லாக்கும். முறைக்கு முதல் நாள் மாமியார் அக்கா வீட்டிலிருந்து வந்து, "ஏம்மா, இந்த வாரம் நாடகம் எல்லாம்..." என்று ஆரம்பித்தார்.

"அத்தை, உங்க நாடகக் கதைய என்கிட்ட கொண்டுவராதீங்க" என்றேன். "யாரு யாரைக் கட்டினா எனக்கென்ன? ஒரு வருஷம் கழிச்சுச் சொல்லுங்க, அப்பவும் அங்கேயேதான் நிப்பாங்க."

அவர் வாயை மூடிக்கொண்டார். நன்றாகக் கேட்டோம் என்று எனக்குத் திருப்தியாக இருந்தது.

மறுநாள் கொல்லையில் நெல் அவித்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு மணிக்கு முதல் பாட்டு கேட்டது. ஒரு அண்டா இறக்கிக் கொட்டி, அடுத்ததை ஏற்றினேன். அதுவும் வெந்து இறங்கிய பிறகுதான் இரண்டாவது பாட்டு வந்தது. இவ்வளவு நேரமா என்று தோன்றியது. இந்தச் சனியன் பிடித்த நாடகங்களில் எது சீக்கிரம் முடிந்தது என்று எனக்குள்ளேயே சொல்லிச் சிரித்தேன். மூன்றாவது பாட்டு வந்தபோது பாயில் நெல்லைக் கிளறிக்கொண்டிருந்தேன். நாலாவது பாட்டு கேட்டதும், இன்னும் ஒன்றுதான் என்று கையைக் கழுவி மண்வெட்டியை எடுத்து வைத்தேன். ஐந்தாவது பாட்டு வரவில்லை. லஸ்கரின் டி.வி.எஸ். வண்டி கரையில் போகிற சத்தம்தான் வந்தது.

தென்னை மர நிழல் கிணற்றடியைத் தாண்டியிருந்ததை அப்போதுதான் பார்த்தேன். மண்வெட்டியோடு ஓடினேன். நான் கரை ஏறும்போது அவர் ஷட்டரை இறக்கிப் பூட்டிவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தார். கெஞ்சினேன். "நாலு மணிம்மா. எனக்கு மேல ஆபீஸர் இருக்காரு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எங்கள் வயலில் ஒரு சொட்டு விழவில்லை.

அக்கா வீட்டு வாசலில் நின்று வாயில் வந்ததையெல்லாம் கத்தினேன். தண்ணி திருடி என்றேன். நாடகப் பைத்தியம் பிடித்து அடுத்தவள் வயிற்றில் அடிக்கிறாயே என்றேன். தெருவே கூடிவிட்டது. அக்கா என்னைக் கத்தவிட்டு, கூட்டம் கலைந்ததும் கிட்டே வந்து சொன்னார்.

"இந்த வாரம் பூரா எல்லா நாடகமும் ஒரு மணி நேரம். சானல்காரன் ஒரு மாசமா சொல்லிட்டிருக்கான். ஆளுக்கு ரெண்டு நாடகமாப் பிரிச்சுக்குவோம், ரெண்டாவது முடிஞ்சதும் நீ வந்து திறந்துக்கன்னு நேத்தே உங்கத்தைகிட்ட சொல்லி அனுப்பினேனே. ரெண்டும் முடிஞ்சு பாத்தா நீ வரல. உனக்கு இன்னிக்கு வேணாம் போலன்னு விட்டுட்டேன்."

பக்கத்தில் மாமியார் நின்றார். "சொல்லத்தான் வந்தேன்" என்றார், அவ்வளவுதான். இன்றைக்காவது நாடகம் பார்க்கக் கிளம்புமுன் சொல்லிவிட்டுப் போயிருக்கலாமே என்று எனக்குக் கோபம் வந்தது. முந்தின நாள் அவரை நான் பேசியது ஞாபகம் வந்ததும் அந்தக் கோபம் போன இடம் தெரியவில்லை.

அடுத்த முறைக்குள் வயல் பாளம் பாளமாக வெடித்துவிட்டது. அந்த முறையில் அக்கா தன் நாலு நாடகத்தில் இரண்டை எங்களுக்கு விட்டுக்கொடுத்தார். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. தண்ணீர் வந்தது, பால் வற்றிப்போயிருந்தது.

தை பிறந்து அதிகாரி வந்தார். மாமனாரை நாற்காலியில் தூக்கிவந்து வரப்பில் உட்காரவைத்தோம். தூரத்தில் பார்த்தால் நல்ல பயிர்தான். அதிகாரி நாலு இடத்தில் கதிரை உருவி நகத்தால் நெரித்துப் பார்த்தார். எல்லாம் பதர், ஊதினால் பறந்தது.

"தண்ணி பாய்ச்சலையா?" என்றார்.

மாமனார் என்னைப் பார்த்தார். அந்த நிமிஷத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். என் திமிரால் ஒரு முறைத் தண்ணீர் போயிற்று என்று சொல்ல ஒரு மூச்சு போதும். நான், "மேல் வயக்காரங்க மடைய விடல சார்" என்றேன். மாமியார் பக்கத்தில்தான் நின்றார். தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதிகாரிக்கு யார் விட்டால் என்ன, விடாவிட்டால் என்ன? விளைச்சல் இல்லை என்று ஒரே வரியில் எழுதிக்கொண்டு, நிலத்துக்காரர் அனுப்பிய காரில் ஏறிப் போனார். ஆடி மாதம் உத்தரவு வந்தது. கொடி பிடித்து வாங்கிய நிலம் போயிற்று.

மாமனார் அதற்குப் பிறகு இரண்டு வருஷம்கூட இருக்கவில்லை. இருந்த வரைக்கும், "அந்தத் தண்ணி திருடி வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது" என்று எங்களுக்குக் கட்டளை. ஊரும் அக்காவை அந்தப் பெயரால்தான் சொன்னது. நான் வைத்த பெயர். அக்கா ஒரு தடவை எங்கள் வாசல் வரை வந்து, "அத்தாச்சி" என்று மாமியாரைக் கூப்பிட்டார். மாமியார் எழுந்தார், என்னைப் பார்த்தார், திரும்ப உட்கார்ந்துவிட்டார். வெளியே போய்ப் பேசினால் என் பொய் உடைந்துவிடும் என்று அவருக்குத் தெரியும். அவரை உட்காரவைத்துவிட்டு நான் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

அந்த நாடகங்களைப் பற்றி இன்றைக்கும் என் அபிப்பிராயம் மாறவில்லை. அத்தனையும் குப்பை. ஆனால் மத்தியான வேளையில் மாமியார் சும்மா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பதை என்னால் சகிக்க முடியவில்லை. மாமனார் காரியம் முடிந்த பிறகு பரணிலிருந்து டி.வி.யை இறக்கி, டவுனுக்கு எடுத்துப்போய்ச் சரிபண்ணிக் கொண்டுவந்தேன். பன்னிரண்டு மணிக்கு நானே அதைப் போட்டேன். அதே பாட்டு, அதே ஹால், அதே சோபா. அந்தப் பெண்ணுக்கு இன்னும் கல்யாணம் முடிந்தபாடில்லை.

"பாருங்க அத்தை, உங்களுக்காக நிக்கிறாங்க" என்றேன்.

கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எழுந்து போய் அதை அணைத்தார்.

"வேணாம்மா" என்றார். "பாத்துட்டு யாருகிட்டப் பேசறது?"